பியோர்க்கின் பட்டறை

ஐஸ்லாந்துப் பாடகியும் இசையமைப்பாளருமான பியோர்க்கைப் பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் அவர் என்ன உடுத்தினார் என்பதில் தொடங்கி, அதிலேயே முடித்தும் விடுகிறார்கள். 2001-ஆம் ஆண்டு ஆஸ்கர் விழாவுக்கு அவர் அணிந்து வந்த அன்னப்பறவை ஆடையும், சிவப்புக் கம்பளத்தின்மீது அவர் இட்டுச் சென்ற முட்டைகளும் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கேலிப் பட்டியல்களில் தவறாமல் இடம்பெற்று வருகின்றன. தொண்ணூறுகளின் மேற்கத்திய இசைப் பத்திரிகைகள் அவரை மோகினி என்றும் குட்டிச்சாத்தான் என்றும் செல்லமாக வர்ணித்தன. கேட்பதற்குப் பாராட்டுபோல இருந்தாலும் அதற்குள் ஓர் அலட்சியம் ஒளிந்திருக்கிறது. இந்தப் பெண்ணுக்கு இசை தானாக ஊற்றெடுக்கிறது, உட்கார்ந்து உழைத்து அவர் எதையும் உருவாக்குவதில்லை என்ற எண்ணம்தான் அது. அவருடைய ஆல்பங்களைப் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பக் கேட்டு வந்திருப்பவன் என்ற முறையில் எனக்கு இதற்கு நேர்மாறான கருத்தே உண்டு. ஓர் ஆல்பத்துக்கு எந்த ஒலிகள் வேண்டும், எவை கூடவே கூடாது என்று முன்கூட்டியே வரையறுத்துக்கொண்டு, அந்த வரையறைக்குள் ஆண்டுக்கணக்கில் பொறுமையாக வேலை செய்யும் பாப் இசைக் கலைஞர்கள் மிகச் சிலரே. அவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் பியோர்க்.

அவர் 1965 நவம்பர் 21 அன்று ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்யவிக்கில் பிறந்தார். முழுப்பெயர் பியோர்க் குட்முண்ட்ஸ்டோட்டிர். அந்த நாட்டில் பரம்பரைக் குடும்பப் பெயர் என்பது பொதுவாகக் கிடையாது. தந்தையின் பெயரோடு மகன் அல்லது மகள் என்பதைச் சேர்த்துக்கொள்வதே வழக்கம். ஆகவே அவரை வெறுமனே பியோர்க் என்று அழைப்பதில் செல்லமும் இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை. தந்தை குட்முண்டுர் மின்பணியாளர். பிற்காலத்தில் மின்பணியாளர் சங்கங்களின் கூட்டமைப்புக்குத் தலைவராக இருந்தவர். தாய் ஹில்துர் ரூனா, அறுபதுகளின் மாற்று வாழ்க்கை முறையில் ஈடுபாடு கொண்டவர். பெற்றோர் பிரிந்தபின் பியோர்க் தாயோடு பலர் சேர்ந்து வாழும் ஒரு கூட்டு வீட்டில் வளர்ந்தார். மாற்றாந்தந்தை ராக் குழுவில் கிதார் வாசித்தவர். ஆக, ஒரு பக்கம் தொழிற்சங்க ஒழுங்கு, மறுபக்கம் இசையும் நீண்ட தலைமுடியுமாக இருந்த வீடு. இந்த இரண்டும் அவரிடம் கடைசிவரை தங்கிவிட்டன என்றே நான் நினைக்கிறேன்.

ஆறு வயதில் ரெய்க்யவிக்கின் சிறுவர் இசைப் பள்ளியில் சேர்ந்து, பியானோவும் புல்லாங்குழலும் முறையாகக் கற்கத் தொடங்கினார். பள்ளி நிகழ்ச்சி ஒன்றில் அவர் பாடிய பாடல் அரசு வானொலியில் ஒலிபரப்பாக, உள்ளூர் இசைத்தட்டு நிறுவனம் ஒன்று அவரைத் தேடி வந்தது. 1977-இல், அவருக்குப் பன்னிரண்டு வயது நிரம்பிய சமயத்தில், அவர் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் இசைத்தட்டு வெளியாகி ஐஸ்லாந்தில் நன்றாக விற்றது. பெரும்பாலும் பிறருடைய பாடல்களை ஐஸ்லாந்திய மொழியில் பாடிய தொகுப்புதான் அது. ஆனால் அந்நாட்டின் ஓவியர் யோகன்னஸ் க்யார்வாலின் நினைவாக அவரே அமைத்த ஒரு புல்லாங்குழல் இசையும் அதில் உண்டு. இரண்டாவது தட்டுக்கு வந்த வாய்ப்பைச் சிறுமி மறுத்துவிட்டார். கிடைத்த பணத்தில் ஒரு பியானோ வாங்கப்பட்டது. குழந்தை நட்சத்திரமாக நீடிப்பதைவிட வீட்டில் ஒரு பியானோ இருப்பது மேல் என்று அந்த வயதிலேயே ஒரு கணக்கு அவருக்கு இருந்திருக்கிறது.

அன்றைய ஐஸ்லாந்தைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. நாடு முழுவதையும் சேர்த்தாலும் மக்கள்தொகை இரண்டரை லட்சத்தைத் தொடவில்லை. அரசுத் தொலைக்காட்சி 1987 வரை வியாழக்கிழமைகளில் ஒளிபரப்பே செய்யாது. இசை கேட்கவும் இசைக்கவும் விரும்பும் இளைஞர்கள் ஒருவரையொருவர் அறிந்திருப்பார்கள். கவிஞரும், பங்க் என்ற கலகக்கார ராக் இசையின் பாடகரும் ஒரே மேசையில் அமர்ந்திருப்பார்கள். பள்ளிக்குப் போகும் வழியில் காற்றிலும் பனியிலும் நடந்துகொண்டே தனக்குத்தானே பாடிப் பழகியதாகப் பியோர்க் பல நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். அவருடைய மெட்டுகள் தாளத்தின் கட்டத்துக்குள் சரியாக உட்காராமல், நடையின் போக்கில் நீண்டும் சுருங்கியும் செல்வதற்கான காரணத்தை அங்கே தேடலாம். குரல் கிசுகிசுப்பிலிருந்து ஒரே மூச்சில் உரத்த கூவலுக்கு எழும்புவதும், ரகரத்தை உருட்டி உச்சரிப்பதும், ஒரு சொல்லின் நடுவில் மூச்சு வாங்குவதும் திறந்த வெளியில் பழகிய தொண்டையின் அடையாளங்கள்.

பதின்ம வயதில் அவர் பங்க் இசைக்குள் இறங்கினார். முதலில் பெண்கள் மட்டுமே இருந்த ஒரு குழுவிலும், பிறகு டப்பி டீக்கரஸ் என்ற குழுவிலும் பாடினார். 1983-இல் அமைந்த குக்ல் என்ற குழு அதைவிட இருண்ட, முரட்டுத்தனமான இசையை வாசித்தது. அரசை எதிர்த்துக் குரல் கொடுத்த பிரிட்டிஷ் பங்க் குழுவான க்ராஸ் தன் சொந்த நிறுவனத்தின் மூலம் குக்லின் இரண்டு ஆல்பங்களையும் வெளியிட்டது. இந்த ஆண்டுகளைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. ஆனால் எல்லாவற்றையும் தாமே செய்துகொள்ள வேண்டும், பெரிய நிறுவனத்தின் தயவில் இருக்கக் கூடாது என்ற பிடிவாதம் அங்கேதான் அவருக்கு வந்தது. இன்றுவரை அவருடைய ஆல்பங்களை வெளியிடும் லண்டனின் சிறு நிறுவனத்தை நடத்துபவரும் அதே பங்க் வட்டாரத்திலிருந்து வந்தவர்தான்.

1986-இல் குக்ல் கலைந்து, அதே நண்பர்கள் வட்டத்திலிருந்து சுகர்க்யூப்ஸ் உருவானது. பியோர்க்கின் மகன் சிந்த்ரி பிறந்த ஜூன் 8 அன்றே குழுவும் பிறந்ததாகக் கணக்கு. அவர்கள் நண்பர்களோடு சேர்ந்து தொடங்கிய அமைப்புக்கு ஐஸ்லாந்திய மொழியில் ரசனைக்கேடு என்று பொருள்படும் ஸ்மெக்லெய்சா என்ற பெயரை வைத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்க அதிபர் ரீகனும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் ரெய்க்யவிக்கில் சந்தித்தபோது, இந்தக் கூட்டம் அந்தச் சந்திப்பைக் குறிக்கும் அஞ்சலட்டை ஒன்றை அச்சடித்து விற்றது. அந்தப் பணம்தான் முதல் இசைத்தட்டுக்கு முதலீடு. பனிப்போரின் புண்ணியத்தில் ஒரு பாப் குழு பிழைத்தது என்று சொன்னால் மிகையாகாது. 1987-இல் அவர்களுடைய பர்த்டே என்ற பாடலை லண்டன் இசைப் பத்திரிகைகள் தலைமேல் தூக்கிவைத்துக் கொண்டாடின. அடுத்த ஆண்டு வந்த லைஃப்ஸ் டூ குட் ஆல்பம் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 14-ஆம் இடம் வரை சென்றது. ஐஸ்லாந்தின் குழு ஒன்று உலக அளவில் இப்படிக் கேட்கப்பட்டது அதற்குமுன் அரிது.

அந்தக் காலத்து ஒளிப்பதிவு ஒன்று இணையத்தில் இன்றும் சுற்றிவருகிறது. தொலைக்காட்சிப் பெட்டியின் பின்மூடியைக் கழற்றிவைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் மின்சுற்றுகளைச் சுட்டிக்காட்டி, அது ஒரு சிறிய நகரம்போல இருக்கிறது என்று பியோர்க் விளக்குகிறார். தொலைக்காட்சி மனிதரை மயக்கிவிடும் என்று ஒரு கவிஞர் சொன்னதை நம்பிப் பயந்திருந்ததாகவும், பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று டேனிஷ் புத்தகம் ஒன்றில் படித்தபின் அந்தப் பயம் தெளிந்ததாகவும் சொல்கிறார். இதைப் பார்ப்பவர்கள் அவருடைய உச்சரிப்பையும் வெகுளித்தனத்தையும் ரசித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தப் பேச்சின் சாரமோ, ஒரு பொருள் அச்சமூட்டினால் அதைத் திறந்து பார்த்து, அதன் இயக்கத்தைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதே. மின்பணியாளரின் மகள் வேறு எப்படிப் பேசுவார்?

1990-இல் ஜாஸ் பியானோ கலைஞர் ஒருவரின் மூவர் குழுவோடு சேர்ந்து கிலிங் க்ளோ என்ற ஆல்பத்தைப் பெரும்பாலும் ஐஸ்லாந்திய மொழியில் பதிவு செய்தார். வெளிநாட்டில் பலர் அறியாத இந்த ஆல்பம் அவருடைய நாட்டில் வீடுதோறும் ஒலித்தது. எந்த மின்னணு அலங்காரமும் இல்லாமல் அவருடைய குரல் மட்டும் எவ்வளவு தூரம் போகும் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல சான்று இல்லை. 1992-இல் சுகர்க்யூப்ஸ் பிரிந்தது. அவர் மகனோடு லண்டனுக்குக் குடிபெயர்ந்தார்.

லண்டனின் நடன இசைக்கூடங்களில் அப்போது புதிய மின்னணு இசை கொதித்துக்கொண்டிருந்தது. தயாரிப்பாளர் நெல்லி ஹூப்பரோடு சேர்ந்து அவர் உருவாக்கிய டெபியூ 1993 ஜூலையில் வெளியாகி, பிரிட்டிஷ் பட்டியலில் மூன்றாம் இடத்தைப் பிடித்தது. அதில் ஒரு பாடலின் ஒரு பகுதி லண்டன் மில்க் பார் என்ற நடன விடுதியின் கழிப்பறையில் பதிவு செய்யப்பட்டது. கதவு மூடப்படும்போது வெளியே ஒலிக்கும் தாளம் மங்கி, பியோர்க்கின் குரல் மட்டும் அருகில் வந்து நிற்பதைத் துல்லியமாகக் கேட்கலாம். இந்திய வாசகர்களுக்கு அந்த ஆல்பத்தில் இன்னொரு சுவாரசியம் உண்டு. வீனஸ் ஆஸ் எ பாய் பாடலின் வயலின் பகுதிகளைத் தபலா கலைஞர் தல்வின் சிங் மும்பையில் திரைப்பட இசைக்கலைஞர்களைக் கொண்டு பதிவு செய்தார். ஐரோப்பியச் சேர்ந்திசைக் குழு ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியாக நிறுத்தி வாசித்திருக்கும். இங்கோ வயலின்கள் அனைத்தும் ஒன்றுகூடி ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்கின்றன. இந்தித் திரைப்பாடல்களின் இடையிசையில் நாம் பழகிய அதே வழுக்கல்தான். பாடலுக்குள் அது சுற்றுலாப் பொருளாகத் துருத்திக்கொண்டு நிற்காமல் இயல்பாகக் கலந்திருப்பதே அதன் சிறப்பு.

1995-இல் வந்த போஸ்ட் ஆல்பத்தின் பெரும்பகுதி பஹாமாஸ் தீவுகளின் நாசாவ் நகரில் பதிவானது. ஒலிப்பதிவுக் கூடம் கடலோரத்தில் இருந்தது. மிக நீண்ட கம்பி இணைத்த ஒலிவாங்கியை எடுத்துக்கொண்டு, இரவில் கடற்கரைக்கு இறங்கிப்போய், காதில் ஒலிக்கும் இசையோடு சேர்ந்து பாடினார். மெதுவான வரிகளை உட்கார்ந்து பாடுவதும், உச்சத்துக்கு வரும்போது நீரை நோக்கி ஓடிக்கொண்டே பாடுவதுமாக இருந்ததாக அவரே விவரித்திருக்கிறார். இதை ஒரு கோமாளித்தனம் என்று ஒதுக்கலாம். ஆனால் நடந்துகொண்டே பாடிப் பழகிய ஒருவரைக் கண்ணாடி அறைக்குள் நிற்க வைத்தால் குரல் அடங்கிவிடும் என்பதை அறிந்து, அதற்கு ஏற்றபடி பதிவு முறையையே மாற்றிக்கொண்டதாகவும் இதைப் பார்க்கலாம். அந்த ஆல்பத்தின் ஹைப்பர்பேலட் பாடலை எத்தனை முறை கேட்டாலும் எனக்குச் சலிக்கவில்லை. மலையுச்சியில் வாழும் ஒரு பெண் அதிகாலையில் எழுந்து, கையில் கிடைத்த பொருள்களையெல்லாம் பள்ளத்தில் எறிந்து, அவை விழும் சத்தத்தைக் கேட்டுவிட்டு, காதலன் விழிப்பதற்குள் திரும்பி வருகிறாள். ஓர் உறவைக் காப்பாற்றிக்கொள்ள ஒருவர் தனியாகச் செலவழிக்கும் மூர்க்கத்தைச் சொன்ன காதல் பாடல்கள் அதிகம் இல்லை. அதே தொகுப்பில் வந்த, பழைய பாடலொன்றின் மறுவடிவமான இட்ஸ் ஓ சோ கொயட்தான் பிரிட்டனில் நான்காம் இடத்துக்குப் போய் அவரை வீடுகளுக்குள் கொண்டு சேர்த்தது. அவருடைய பாடல்களில் அவருக்கு மிகக் குறைவாகப் பொருந்துவது அதுவே என்பது என் எண்ணம்.

புகழ் விலை கேட்டது. 1996 செப்டம்பரில், அமெரிக்காவில் வாழ்ந்த மனநிலை பிறழ்ந்த ரசிகர் ஒருவர் அவருக்கு அமில வெடி வைத்த பொட்டலம் ஒன்றை அனுப்பிவிட்டுத் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். காவல்துறை அதை வழியிலேயே கைப்பற்றியதால் பெரும் விபத்து தவிர்க்கப்பட்டது. வாசலில் குவிந்த செய்தியாளர்களிடமிருந்து விலகி, பியோர்க் தெற்கு ஸ்பெயினின் மலைப்பகுதியில் இருந்த ஓர் ஒலிப்பதிவுக் கூடத்துக்குச் சென்றார். 1997-இல் வெளிவந்த ஹோமோஜெனிக் அங்கேதான் உருவானது.

என் கணிப்பில் அவர் முழுமையாகத் தன் முறையைக் கண்டடைந்தது அந்த ஆல்பத்தில்தான். அதற்கு முந்தைய இரண்டும் பல வகைப் பாடல்களின் கதம்பங்கள். ஹோமோஜெனிக்கிலோ அவர் இரண்டே பொருள்களைக் கையில் எடுத்தார். ஒன்று ஐஸ்லாந்தின் எட்டுப் பேர் கொண்ட நரம்பிசைக் குழு. மற்றொன்று கரடுமுரடாகச் சிதைக்கப்பட்ட மின்னணுத் தாளம். அந்தத் தாளங்கள் தன் நாட்டின் எரிமலைகளைப்போல ஒலிக்க வேண்டும் என்று உடன் பணிபுரிந்தவர்களிடம் கேட்டுக்கொண்டார். யோகா என்ற பாடலைக் கேளுங்கள். அது அவருடைய நெருங்கிய தோழியின் பெயர். முதல் அடிகளில் நரம்பிசை மட்டும் அகலமாக, நிதானமாக நகர்கிறது. நடுவில் தாளம் உடைந்து, பாறை பிளப்பதுபோன்ற இரைச்சல்கள் மேலெழும்போது, வயலின்கள் விலகி வழிவிட்டு, பிறகு திரும்பி வந்து அந்த இரைச்சலின்மீதே படர்கின்றன. குரல் இரண்டுக்கும் நடுவில் அசையாமல் நிற்கிறது. செவ்வியல் இசையையும் கணினி இசையையும் ஒட்டவைத்தவர்கள் அவருக்கு முன்பும் இருந்தார்கள். ஒட்டிய இடம் தெரியாமல் செய்தவர் என்று எனக்குத் தெரிந்து இவரைத்தான் சொல்வேன். மின்னணுப் பகுதிகளில் துணைநின்ற மார்க் பெல் 2014-இல் காலமாகும்வரை அவருடைய நெருங்கிய கூட்டாளியாக இருந்தார். இந்த ஆல்பத்தின் கடைசிப் பாடலுக்கு இயக்குநர் கிறிஸ் கன்னிங்ஹாம் எடுத்த, இரண்டு ரோபோக்கள் முத்தமிட்டுக்கொள்ளும் காணொளி பின்னர் பல அறிவியல் புனைவுப் படங்களின் தோற்றத்தையே பாதித்தது.

2000-இல் வெளிவந்த டான்சர் இன் தி டார்க் திரைப்படத்தில், மெல்லப் பார்வை இழந்துகொண்டிருக்கும் தொழிற்சாலைப் பெண்ணாக நடித்து, கான் விழாவில் சிறந்த நடிகைக்கான விருதைப் பெற்றார். தொழிற்சாலை இயந்திரங்களின் ஓசையும் ரயில் சக்கரங்களின் தடதடப்பும் தாளமாக மாறும் அந்தப் படத்தின் இசையும் அவருடையதே. ஆனால் படப்பிடிப்பு அவருக்குப் பெரும் துன்பமாக இருந்தது. டேனிஷ் இயக்குநர் ஒருவர் தன்னிடம் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டதாக 2017-இல் அவர் பகிரங்கமாக எழுதினார். படத்தின் இயக்குநர் அதை மறுத்தார். அதன்பிறகு அவர் பெரிய வேடங்களில் நடிப்பதைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டார். அன்னப்பறவை ஆடை இந்தப் படத்தின் பாடலுக்குக் கிடைத்த ஆஸ்கர் பரிந்துரைக்காக அணிந்தது என்பதை, ஆடையைப் பற்றி எழுதும் பலர் குறிப்பிடுவதுகூட இல்லை.

2001-இல் வந்த வெஸ்பர்டைன்தான் எனக்கு மிகப் பிடித்தது. இணையம் வழியாகச் சுருக்கப்பட்ட கோப்புகளாகப் பாடல்கள் பரவத் தொடங்கிய நேரம் அது. அத்தகைய கோப்புகளில் அகன்ற ஒலிகள் சிதைந்துவிடும். மெல்லிய, கூரிய ஒலிகள் தப்பித்துக்கொள்ளும். இதைக் கவனித்த பியோர்க், யாழ், மணியோசை தரும் பியானோபோன்ற செலஸ்டா, இசைப்பெட்டி போன்ற கருவிகளைத் தேர்ந்தெடுத்தார். மடிக்கணினியின் சிறிய ஒலிபெருக்கியில் கேட்டாலும் இசை கெடக்கூடாது என்பதே நோக்கம். சாவி கொடுத்தால் ஒலிக்கும் இசைப்பெட்டிகளைத் தம் மெட்டுகளுக்காகவே செய்துதரும்படி ஒரு நிறுவனத்தைக் கேட்டபோது, அவர்கள் வழக்கம்போல மரத்தில் செய்ய விரும்பினார்கள். மரம் ஒலியை மென்மையாக்கும். இவரோ ஒளிபுகும் அக்ரிலிக் பெட்டிதான் வேண்டும், ஒலி உறைந்ததுபோலக் கடினமாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். பனியில் நடக்கும்போது எழும் நொறுங்கல் சத்தம் ஒரு பாடலுக்குத் தாளமானது. சுற்றுப்பயணத்தில் கிரீன்லாந்துப் பெண்களின் சேர்ந்திசைக் குழுவை அழைத்துக்கொண்டு, ராக் அரங்குகளைத் தவிர்த்து, ஓபரா அரங்குகளில் பாடினார். தாழ்ந்த குரலில் பாடப்படும் இந்த ஆல்பத்தில் ஒரு சத்தமான தருணம்கூட வீணாக வருவதில்லை.

மூன்று ஆண்டுகள் கழித்து மெடுல்லா. இம்முறை விதி இன்னும் கடுமையானது. கிட்டத்தட்ட எல்லா ஒலியும் மனிதத் தொண்டையிலிருந்தே வர வேண்டும். கனடாவின் இனுயிட் தொண்டையிசைக் கலைஞர் தான்யா தகாக், வாயாலேயே தாளம் எழுப்பும் அமெரிக்கர் ராசெல், ஜப்பானியர் டொக்காக்கா, ஐஸ்லாந்திலும் லண்டனிலும் இருந்து சேர்ந்திசைக் குழுக்கள் என்று குரல்களை அடுக்கினார். இதிலிருந்து ஓசியானியா என்ற பாடலை 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் அவர் பாடியபோது, அவருடைய ஆடை விரிந்து விரிந்து மைதானத்தில் நின்ற விளையாட்டு வீரர்களின் தலைக்குமேல் உலக வரைபடமாகப் பரவியது. கடல் மனிதர்களைப் பார்த்துப் பாடுவதாக அமைந்த அந்தப் பாடலின் வரிகளைக் கவிஞர் ஷோன் எழுதினார். சுகர்க்யூப்ஸ் காலத்திலிருந்தே பியோர்க்கின் நண்பர் அவர்.

2007-இன் வோல்டா பித்தளை ஊதுகருவிகளையும் ஆப்பிரிக்கத் தாளங்களையும் அமெரிக்க ஹிப்ஹாப் தயாரிப்பாளரையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவர முயன்றது. எனக்கு அது சிதறலாகவே படுகிறது. ஆனால் அதிலுள்ள டிக்ளேர் இண்டிபெண்டன்ஸ், டென்மார்க்கின் கீழிருக்கும் கிரீன்லாந்துக்கும் ஃபரோ தீவுகளுக்கும் உரியதாக எழுதப்பட்டு, வேறு இடங்களிலும் வெடித்தது. 2008 மார்ச்சில் ஷாங்காய் மேடையில் அந்தப் பாடலின் முடிவில் அவர் திபெத்தின் பெயரைக் கூவ, சீனக் கலாசார அமைச்சகம் கண்டனம் தெரிவித்து, வெளிநாட்டுக் கலைஞர்களுக்கான கட்டுப்பாடுகளை இறுக்கியது.

சொந்த நாட்டில் அவருடைய அரசியல் நீரையும் நிலத்தையும் சார்ந்தது. ஐஸ்லாந்தின் கிழக்கு மலைநாட்டில் அலுமினிய ஆலைக்கு மின்சாரம் தருவதற்காகக் காராநியூகர் அணை திட்டமிடப்பட்டபோது, 2002-இல் அதை எதிர்த்து உண்ணாவிரதம் இருந்தவர் அவருடைய தாய். மகள் 2008-இல் சிகுர் ரோஸ் குழுவோடு ரெய்க்யவிக்கில் நடத்திய இலவச இசை நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ 30,000 பேர் வந்தார்கள். நாட்டு மக்களில் பத்தில் ஒருவர் என்று கணக்கு வரும். பொருளாதாரம் சரிந்தபின் நிலவெப்ப ஆற்றல் நிறுவனமொன்று கனடிய முதலீட்டாளர்கள் கைக்குப் போவதை எதிர்த்து, 2011 ஜனவரியில் நாள்கணக்கில் நீளும் கரோக்கி பாடல் நிகழ்ச்சி ஒன்றையே போராட்டமாக நடத்தினார். ஐஸ்லாந்தியரைத் தவிர வேறு யாருக்கும் இந்த யோசனை வந்திருக்காது.

பயோஃபிலியா 2011-இல் வெளியானபோது, ஒவ்வொரு பாடலுக்கும் கைக்கணினியில் இயங்கும் தனிச் செயலி ஒன்று இணைந்திருந்தது. பாடலுக்கு அடியில் இருக்கும் இசை இலக்கணத்தை இயற்கையின் ஓர் இயக்கத்தோடு பொருத்திக் காட்டுவது அதன் திட்டம். மூன் பாடலின் யாழ்ச் சுற்றுகள் நிலவின் வளர்பிறை தேய்பிறையைப்போல மீண்டும் மீண்டும் வேறு நீளத்தில் வருகின்றன. கிறிஸ்டலைன் பதினேழு மாத்திரை கொண்ட தாளச் சுற்றில் நகர்கிறது. ஊசல்கள் ஆடும்போது நரம்பை மீட்டும் கருவி ஒன்றும், மின்னலைத் துப்பும் டெஸ்லா சுருளும் மேடையில் இசைக்கருவிகளாயின. கமலான் என்ற இந்தோனேசிய வாத்தியக் குழுவின் உலோக ஒலியைச் செலஸ்டாவுக்குள் புகுத்தி ஒரு புதிய கருவியே செய்யப்பட்டது. பின்னர் நார்டிக் நாடுகளின் பள்ளிகளில் இதை வைத்துப் பாடத்திட்டம் உருவானது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் தன் சேகரிப்பில் சேர்த்த முதல் செயலியும் இதுவே. பள்ளியில் மேற்கத்திய மேதைகளின் பெயர்களை மனப்பாடம் செய்ய வைத்ததை வெறுத்த சிறுமி, நாற்பது வயதுக்குமேல் தானே ஒரு பாடப்புத்தகம் எழுதியிருக்கிறார். அதிலுள்ள பாடல்கள் எல்லாமே அந்தத் திட்டத்தின் உயரத்தை எட்டின என்று சொல்ல மாட்டேன்.

2015-இல் வுல்னிக்யூரா இணையத்தில் கசிந்துவிட, திட்டமிட்டதற்கு இரண்டு மாதங்கள் முன்னதாகவே வெளியிட வேண்டியதாயிற்று. கலைஞர் மேத்யூ பார்னியுடனான நீண்ட உறவு முறிந்ததைக் கால வரிசையில் பதிவு செய்யும் ஆல்பம் அது. பிரிவதற்கு ஒன்பது மாதங்கள் முன்பு, ஐந்து மாதங்கள் முன்பு, பிரிந்து இரண்டு மாதங்கள் கழித்து என்று பாடல்களுக்கே காலம் குறிக்கப்பட்டிருக்கிறது. நரம்பிசையை அவரே அமைத்தார். பெரும்பாலான பாடல்கள் எழுதி முடிந்த நிலையில்தான் வெனிசுவேலாவில் பிறந்த இளம் தயாரிப்பாளர் ஆர்கா சேர்ந்தார். ஆனாலும் ஆல்பத்தைத் தயாரித்தவர் ஆர்கா மட்டுமே என்று செய்திகள் வந்தன. அந்த ஆண்டு அளித்த நேர்காணலில் பியோர்க் இதை நேரடியாகப் பேசினார். வெஸ்பர்டைனுக்காக மூன்று ஆண்டுகள் தாளங்களைத் தாமே கோத்ததையும், இறுதிக் கட்டத்தில் வந்து சில தாளங்களைச் சேர்த்த மாட்மோஸ் என்ற இருவரே ஆல்பத்தைச் செய்ததாக ஊர் எழுதியதையும், அந்த இருவரே மறுத்துச் சொல்லியும் திருத்தப்படாததையும் குறிப்பிட்டார். அடுத்த ஆண்டு இன்னொன்றையும் எழுதினார்: பெண் காதல் தோல்வியைப் பாடினால் ஏற்றுக்கொள்கிறார்கள், அணுக்களையும் விண்மீன் கூட்டங்களையும் பாடினால் ஏதோ குறைவதாகச் சொல்கிறார்கள். வுல்னிக்யூராவுக்குக் கிடைத்த வரவேற்பும் பயோஃபிலியாவைச் சூழ்ந்த தயக்கமும் அவர் பக்கம்தான் சாட்சி சொல்கின்றன, பயோஃபிலியாவின் பாடல்களைப் பற்றி மேலே நான் எழுதிய வாக்கியம் உட்பட.

2017-இன் யுடோபியாவில் அவர் சிறுவயதில் கற்ற கருவிக்குத் திரும்பினார். பன்னிரண்டு ஐஸ்லாந்தியப் பெண்களின் புல்லாங்குழல் குழுவைச் சேர்த்து, பறவைக் குரல்களோடு கோத்த ஆல்பம்; அழகானது, நீளமானது, கொஞ்சம் வெட்டியிருக்கலாம். 2022-இன் ஃபொசோரா வேறு தரையில் நிற்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில் ஐஸ்லாந்து வீட்டில் அடங்கியிருந்தபோது அமைத்த இதில், பாஸ் கிளாரினெட்டுகளின் கனத்த முனகலும், இந்தோனேசிய இருவர் குழு உதவிய அதிவேக நடனத் தாளமும் மண்ணுக்கடியில் பூஞ்சை பரவுவதுபோலப் பின்னிக்கிடக்கின்றன. 2018-இல் மறைந்த தாய்க்காக இரண்டு பாடல்கள் உண்டு. ஒன்றில் ஹாம்ராலித் சேர்ந்திசைக் குழு ஒன்பது பகுதிகளாகப் பிரிந்து பாடுகிறது. மற்றொன்றான ஆன்செஸ்ட்ரஸில் தாயின் வாழ்க்கை, அவருடைய தாலாட்டு முதல் கடைசி மூச்சு வரை, ஒப்பாரியின் நேர்மையோடு வரிசையாகச் சொல்லப்படுகிறது. மகன் சிந்த்ரியின் குரலும் அதில் சேர்ந்திருக்கிறது. 2023-இல், பல காலமாகக் கிடப்பில் இருந்த பாடலொன்றை எடுத்து ஸ்பானியப் பாடகி ரொசலியாவோடு பாடி, கடலில் திறந்த வலைக்கூண்டுகளில் சால்மன் மீன் வளர்ப்பதை எதிர்க்கும் கிழக்கு ஐஸ்லாந்து மக்களின் வழக்குச் செலவுக்கு அதன் வருமானத்தைக் கொடுத்தார்.

புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவர்கள் ஹோமோஜெனிக்கில் ஆரம்பித்து, வெஸ்பர்டைனுக்கு வந்து, பிறகு கிலிங் க்ளோவின் ஜாஸ் பாடல்களுக்குத் திரும்பிப் போகலாம். ஃபொசோராவை அதற்குப்பிறகு வைத்துக்கொள்வது நல்லது. முதலில் கேட்டால் கதவைச் சாத்திவிட்டு ஓடத் தோன்றும். மெடுல்லாவை மட்டும் தயவுசெய்து கைப்பேசியின் ஒலிபெருக்கியில் கேட்காதீர்கள், அடித்தளத்தில் பாடும் ஆண் குரல்கள் அதில் காதில் விழவே விழாது.